உக்கார எடம் இருக்கா? – நடக்குற பாதைகளோட ஒரு குட்டி வரலாறு

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கிடந்த பதிவு இது. இன்னிக்கு எப்படியாவது முடிச்சிடணும்னு உக்காந்துட்டேன். விஷயம் என்னன்னா, ரோடு. நாலு வழிச்சாலை, டோல்கேட், மேம்பாலம் எல்லாம் இல்லீங்க. காலால நடந்து போற ரோடு. அதுலயும் அறுபது, எழுபதைத் தாண்டுனவங்க நடக்குற ரோடு. வரலாறுன்னு சொல்லிட்டு மொக்கை போடப் போறான்னு மூடிட்டு ஓடிடாதீங்க. அதியமான்ல ஆரம்பிச்சாலும் கடைசியில உங்க தெருமுனைக்கே வந்து நிப்பேன்.

முதல்ல ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 60 வயசைத் தாண்டினவங்க 10.4 சதவீதம். மத்திய அரசு அமைச்ச நிபுணர் குழு 2021-க்குக் கணிச்சது 13.6 சதவீதம், 2031-க்கு 18.2 சதவீதம். அதாவது நூத்துக்குப் பதினெட்டு பேர். தெருவுல எதிர்ல வர்ற அஞ்சாறு பேர்ல ஒருத்தர் வயசானவரா இருக்கணும். ஆனா தெருவுல எண்ணிப் பாருங்க, அவ்ளோ பேர் தென்பட மாட்டாங்க. எல்லா டாக்டரும் சீட்டுல மாத்திரை எழுதிட்டு, வாயால "தினமும் நடங்க"ன்னு சொல்லி அனுப்புறாங்க. எங்க நடக்குறதுங்கிறதை மட்டும் எந்த டாக்டரும் எழுதித் தர்றதில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கல்லுல குழி வெட்டினவங்க

எங்க ஊரு ஊத்தங்கரை. வீட்டைக் காலி பண்ணாமலே மூணு மாவட்டத்துல குடியிருந்த ஊரு இது. 1965 வரைக்கும் சேலம், அப்புறம் தருமபுரி, 2004-லேருந்து கிருஷ்ணகிரி. அதுக்கெல்லாம் முன்னாடி இது தகடூர் நாட்டுப் பக்கம். தகடூர்னா இன்னிக்கு தருமபுரி. அதியமான்கள் ஆண்ட மண்ணு. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். அதே அதியமான் பேருல ஒரு ரோடு இருந்தது பல பேருக்குத் தெரியாது. பேரு 'அதியமான் பெருவழி'.

அந்தப் பெருவழியோட மைல்கல் தருமபுரி மாவட்டத்துல கிடைச்சிருக்கு. நெல்லிக்கனி அதியமான் காலத்துது இல்லை, அதுக்குப் பல நூற்றாண்டு பிந்தினது. நாவற்தாவளம்ங்கிற ஊருக்கு இன்னும் 29 காதம் இருக்குன்னு அதுல எழுதியிருக்கு. இதுல என்ன பெருசுன்னு கேக்குறீங்களா? எழுத்துக்குக் கீழ இருக்குற சமாச்சாரம்தான் பெருசு. கல்லுல ரெண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் வெட்டி வெச்சிருக்காங்க. பெரிய குழி ஒண்ணுக்குப் பத்து. சின்னக் குழி ஒண்ணுக்கு ஒண்ணு. இருபத்தொன்பது! எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் தூரம் புரியணும்னு செஞ்ச ஏற்பாடுன்னு கல்வெட்டு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

நான் சாஃப்ட்வேர்ல வேலை பாக்குறவன். ஒரு ஸ்கிரீனை டிசைன் பண்ணும்போது "கண்ணு சரியாத் தெரியாதவங்க இதை எப்படிப் படிப்பாங்க"ன்னு யோசிக்கிறதுக்குத் தனியா விதிமுறையெல்லாம் இருக்கு. அந்த விதிமுறை வர்றதுக்குப் பல நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கல்தச்சர், 'படிக்கத் தெரியாதவனும் நம்ம யூசர்தான்'னு முடிவு பண்ணியிருக்கார். கண்ணு மங்கின கிழவன்கூட அந்தக் குழியை விரலால தடவி எண்ணியிருக்கலாம். இது என் கற்பனை, கல்வெட்டுல இல்லை!

வயசானவங்களுக்கு தூரம் தெரிய வேண்டியது நம்மளைவிட அவசியம். நமக்கு 'இன்னும் கொஞ்ச தூரம்தான்'னா போதும். மூட்டு வலி இருக்கறவங்களுக்கு அந்தக் 'கொஞ்சம்' எவ்ளோன்னு தெரிஞ்சாத்தான், போறதா திரும்புறதான்னு முடிவெடுக்க முடியும்.

மூணு கல்லு

அடுத்தது சுமைதாங்கி. பழைய ரோட்டோரத்துல பாத்திருப்பீங்க. ரெண்டு கல்லை நட்டு, மேல ஒரு கல்லைக் குறுக்கப் போட்டிருக்கும். பஸ் ஸ்டாப்புக்கே 'சுமைதாங்கி'ன்னு பேரு வெச்ச ஊருங்க எத்தனையோ இருக்கு. வயித்துல பிள்ளையோட இறந்துபோன பொண்ணு நினைவா இதை நட்டு வைக்கிற வழக்கம் இருந்துச்சு. இறக்கி வைக்காமலே போன சுமைக்குப் பதிலா, போறவன் வர்றவன் சுமையை இறக்க ஒரு கல்லு.

இதுல ஒரு இன்ஜினியரிங் இருக்கு, கவனிச்சுப் பாருங்க. தலைச்சுமையோட வர்றவங்களுக்குப் பெரிய பிரச்சினை நடக்குறது இல்லை. இறக்குறதும் திரும்ப ஏத்துறதும்தான். தரையில இறக்கிட்டா, மறுபடி தூக்கிவிட இன்னொரு ஆள் வேணும். ஆள் இல்லாத ரோட்டுல என்ன பண்றது? அதனால கல்லோட உயரத்தை நெஞ்சு, தோள் மட்டத்துக்கு வெச்சான். குனியாமலே கல்லு மேல சுமையைத் தள்ளிட்டு, மூச்சு வாங்கிட்டு, திரும்பத் தலையைக் கொடுத்துத் தூக்கிக்கலாம். யார் கையையும் எதிர்பாக்க வேண்டியதில்லை.

வயசானவங்க பாதையோட மொத்த சூத்திரமும் இதுதான்னு நான் நினைக்கிறேன். அவங்களுக்கு உக்கார்றது கஷ்டம் இல்லை, உக்காந்தா எந்திரிக்கிறதுதான் கஷ்டம். அதனாலதான் இப்போ நல்லா டிசைன் பண்ற ஊர்ல பெஞ்சுக்குக் கைப்பிடி வைக்கிறாங்க. அதைப் புடிச்சு ஊன்றி, யார் தயவும் இல்லாம எந்திரிச்சுடலாம். நம்ம ஊரு பார்க்குல போடுற தரையோட ஒட்டின குட்டித் திண்டுல எங்க தாத்தா மாதிரி ஆளு உக்காந்தா, எந்திரிக்க ரெண்டு பேரைக் கூப்பிடணும்.

மரம், சத்திரம், தண்ணி, திண்ணை

சாலையோரம் மரம் நட்டதுன்னாலே அசோகர்னு ஸ்கூல்லேருந்து மனப்பாடம் பண்ணிட்டோம். உண்மையும்தான். நிழலுக்கு ஆலமரம் நட்டதையும், கிணறு வெட்டினதையும், தங்குற இடம் கட்டினதையும் அவரே தூண்ல வெட்டி வெச்சிருக்கார். நம்ம பக்கம் ராணி மங்கம்மாள். 17-ம் நூற்றாண்டு முடியுற சமயத்துல மதுரையை ஆண்டவங்க. மங்கம்மாள் சாலைன்னு தெற்கே இன்னும் பேரு இருக்கு. மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ல மங்கம்மாள் சத்திரம் இன்னிக்கும் நிக்குது.

ஆனா எனக்கு ராஜா ராணியைவிட தண்ணீர்ப் பந்தல்தான் பிடிச்ச சமாச்சாரம். சோழர் காலக் கல்வெட்டுகள்ல தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் எழுதி வெச்ச செய்திகள் வருது. வெறுமனே பந்தல் போட்டுட்டுப் போயிடலை. தண்ணி கொண்டு வர்றவருக்கு, ஊத்துறவருக்குன்னு வருமானத்துக்கு வழி பண்ணி வெச்சிருக்காங்க. எங்க பாஷையில சொன்னா அந்தக் காலத்து ஏஎம்சி! திறப்பு விழா முடிஞ்ச மறுநாள் யார் பாத்துக்கறதுன்னு முதல் நாளே யோசிச்சிருக்காங்க. இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அப்புறம் திண்ணை. சத்திரம் ஊருக்கு ஒண்ணு, திண்ணை வீட்டுக்கு ரெண்டு. தெருவைப் பாத்தபடி, கூரை நிழலோட, முட்டி உயரத்துக்கு ஒரு மேடை. வீட்டுக்காரங்களுக்கு மட்டும் இல்லை, வழியில போறவங்களும் உக்காரலாம். ஒரு தெருவுல இருபது வீடு இருந்தா நாப்பது பெஞ்சுன்னு அர்த்தம். எந்த அரசாங்கத்தாலயும் இவ்ளோ நெருக்கமா பெஞ்சு போட முடியாது. ஊருக்கு நடுவுல அரசமரத்து மேடை வேற.

ஆனா எல்லாருக்குமா?

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். "ஆஹா, அந்தக் காலம் பொற்காலம்"னு பின்னூட்டம் வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். அந்தத் திண்ணையில எல்லாரும் உக்கார முடியாது. அந்தப் பந்தல்ல எல்லாரும் ஒரே குவளையில குடிக்க முடியாது. சில தெருவுல செருப்புப் போட்டு நடக்கவே முடியாது. சில தெருவுல நடக்கவே முடியாது.

1924 மார்ச் கடைசியில வைக்கத்துல ஆரம்பிச்ச போராட்டம் எதுக்கு? கோயிலுக்குள்ள போறதுக்குக்கூட இல்லை. கோயிலைச் சுத்தி இருந்த ரோட்டுல நடக்குறதுக்கு. ஈரோட்டுலேருந்து பெரியார் போய் ரெண்டு தடவை ஜெயிலுக்குப் போனார். 1925 நவம்பர்ல போராட்டம் முடிஞ்சப்போ, மூணு பக்கத்து ரோடு மட்டும்தான் எல்லாருக்கும் திறந்துச்சு. நாலாவது பக்கம் திறக்க 1936 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. அதே 1924-ல சென்னை சட்ட மேலவையில இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொது ரோடு, பொதுக் கிணறு, பொது இடம் எதுலயும் எந்த சாதிக்காரரையும் தடுக்கக் கூடாதுங்கிற தீர்மானம். அது நிறைவேறுச்சு.

நடைபாதை வரலாற்றுல இதை ஏன் சொல்றேன்னா, 'இந்தப் பாதை யாருக்கு'ங்கிற கேள்விதான் எல்லாத்துக்கும் முதல் கேள்வி. நூறு வருஷம் முன்னாடி சாதியைச் சொல்லித் தடுத்தாங்க. இன்னிக்கு வயசானவங்களை யாரும் 'வராதே'ன்னு தடுக்கறதில்லை. ஒரு அடி உயரத்துக்கு பிளாட்பாரம் கட்டி வெச்சா போதும், அவங்களே வராம நின்னுடுவாங்க. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. அது வேற கொடுமை. ஆனா பாதையைப் போடுறவங்க மனசுல யார் உருவம் இருக்குங்கிறதுதான் ரெண்டு இடத்துலயும் தீர்மானிக்குது.

யானைக்குப் போட்ட பாதை

யார் உருவம் மனசுல இருக்குன்னு பேசினா பழனியை விட முடியாது. அடிவாரத்துலேருந்து மேல போக அறுநூத்துச் சொச்சம் படி. பக்கத்துலயே யானைப் பாதைன்னு ஒண்ணு இருக்கு. யானைக்குப் படி ஏறுறது கஷ்டம்னு, சரிவைக் குறைச்சு, வளைச்சு வளைச்சுப் போட்ட வழி. தூரம் அதிகம், ஏத்தம் கம்மி. இன்னிக்கு அதுல நடக்குறது யாரு? மூட்டு வலிக்காரங்க, தாத்தா பாட்டிங்க, கைக்குழந்தையைத் தூக்கிட்டு வர்றவங்க. யானையை நினைச்சுப் போட்டாங்க, பாட்டிக்கு உதவுது.

1970கள்ல அமெரிக்காவுல பெர்க்லி நகரத்துல சக்கர நாற்காலிக்காரங்க கேட்டு, பிளாட்பார முனையை அறுத்துச் சரிவாக்கினாங்க. அப்புறம் பாத்தா தள்ளுவண்டி, சூட்கேஸ், குழந்தை வண்டி எல்லாம் அந்த வழியாத்தான் போச்சு. உலகம் முழுக்க இன்னிக்கு இதை உதாரணம் காட்டுறாங்க. நம்மளோட உதாரணம் யானை!

பழனியில அப்புறம் 1966-ல விஞ்ச் வந்துச்சு, 2004-ல ரோப் கார் வந்துச்சு. அதனால யானைப் பாதை காலியாயிடலை. நடக்க முடிஞ்சவரைக்கும் நடக்கணும்னு நினைக்கிற வயசானவங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்களுக்கு வேண்டியது தூக்கிட்டுப் போற வண்டி இல்லை, முட்டியை மதிக்கிற பாதை.

எங்க ஊர்லேருந்து சிங்காரப்பேட்டை, செங்கம் வழியா பஸ் புடிச்சா திருவண்ணாமலை. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி ராத்திரி அங்க போய்ப் பாருங்க. எழுபது வயசுக்காரங்க ஆயிரக்கணக்குல நடப்பாங்க. நாலு தெரு தள்ளி இருக்குற ரேஷன் கடைக்கு ஆட்டோ கேக்குற அதே ஆளுங்க! பக்தின்னு ஒரே வார்த்தையில முடிச்சிடலாம். ஆனா பாதையையும் பாருங்க. மலையைச் சுத்துற பாதைதான், மலை ஏறுற பாதை இல்லை, பெரும்பாலும் சமதளம். எட்டு திசைக்கு எட்டு லிங்கம், அதாவது நின்னு கும்பிட, மூச்சு வாங்க, 'இத்தனை முடிச்சாச்சு'ன்னு எண்ணிக்க எட்டு இடம். நடுவுல மண்டபம், டீக்கடை, மோர், தண்ணி. வெயில் இல்லாத நேரம். கூட நடக்க ஆளு. வேகமா நடந்தா புண்ணியம் போயிடும்னு ஒரு நம்பிக்கை வேற. நிறைமாசக் கர்ப்பிணி மாதிரி மெதுவா நடக்கணும்னு பெரியவங்க சொல்லுவாங்க. மெதுவா நடக்குறவங்களுக்கு மரியாதை கிடைக்கிற ஒரே ரோடு அதுதான்!

2015-ல அந்தப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்ட ஆரம்பிச்சப்போ, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுத் தடை போட்டுச்சு. மரம் போனா ரோடு இருக்கும், பாதை இருக்காதுங்கிறது ஊர்க்காரங்களுக்குப் புரிஞ்சிருந்துச்சு.

எப்போ தொலைச்சோம்?

ஒரே நாள்ல தொலைக்கலை. எல்லாரும் நடந்த காலத்துல ரோடு போட்டவனும் நடந்தான். அதனால நடக்குறவனுக்கு என்ன வேணும்னு தனியா யாரும் சொல்ல வேண்டியிருக்கலை. பஸ் வந்தது, பைக் வந்தது. தப்பில்லை, ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேந்தோம், காலேஜ் போனோம், ஓசூர்ல வேலைக்குப் போய்ட்டு வாரக் கடைசியில வீட்டுக்கு வந்தோம். எங்க ஊருல கிருஷ்ணகிரி-திருவண்ணாமலை ரோடும் சேலம்-திருப்பத்தூர் ரோடும் சந்திக்குது. ரெண்டுமே தேசிய நெடுஞ்சாலை. ஊருக்கு அதால நல்ல பலன்.

ஆனா ரோடு அகலமாக அகலமாக ஓரம் காணாமப் போச்சு. புளியமரம் போச்சு. சுமைதாங்கியைப் புரட்டிப் போட்டாங்க, சிலது மண்ணு மேடு ஏறிப் பாதி புதைஞ்சு கிடக்கு. பழைய ஓட்டு வீட்டை இடிச்சு மாடி கட்டினப்போ திண்ணையை எடுத்துட்டு கிரில் கேட் போட்டோம், பைக் நிறுத்த சாய்தளம் போட்டோம். பாருங்க, பைக்குக்குச் சாய்தளம் போடத் தெரிஞ்ச நமக்கு, ஆயா ஏறுறதுக்குப் போடத் தோணலை.

எங்க ஆயாவுக்கு 78 வயசு. அவங்க சிநேகிதி வீடு எங்க வீட்டுலேருந்து முக்கா கிலோமீட்டர். முன்னெல்லாம் வாரம் ரெண்டு தடவை போவாங்க. இப்போ போறதே இல்லை. ஃபோன்ல ஸ்டெப் எண்ணுற ஆப் எல்லாம் காட்டி, "வா ஆயா, ஏரிக்கரை வரைக்கும் மெதுவா போயிட்டு வரலாம்"னு கூப்பிட்டேன். எவ்ளோ தூரம்னு கேப்பாங்கன்னு பாத்தா, கேட்டது வேற.

"அங்க எங்கடா கண்ணு உக்கார்றது?"

அப்புறம் அவங்களே கணக்குச் சொன்னாங்க. சிநேகிதி வீட்டுக்குப் போற வழியில முன்னாடி நாலு எடத்துல உக்காருவாங்களாம். ரெண்டு திண்ணை, ஒரு வேப்பமரத்தடிக் கல்லு, ஒரு மளிகைக் கடை பெஞ்சு. அவங்களைப் பொறுத்தவரைக்கும் அது முக்கா கிலோமீட்டர் இல்லை, அஞ்சு சின்ன நடை. அந்த நாலும் ஒவ்வொண்ணா போனதுக்கப்புறம் அது ஒரே பெரிய நடையாயிடுச்சு. ரோட்டோட நீளம் மாறலை, ஆனா ஆயாவுக்கு ரோடு நீண்டு போச்சு. சிநேகிதியைப் பாத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆகுதுன்னு சாதாரணமா சொன்னாங்க. நடை போனா கூடவே பேச்சும் போயிடுதுங்க. அது எந்த ஆப்லயும் தெரியாது.

பத்தாயிரம் எங்கேருந்து வந்துச்சு?

2023 நவம்பர் 4-ம் தேதி தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சது. 38 மாவட்டத்துலயும் மாவட்டத்துக்கு ஒண்ணா 8 கிலோமீட்டர் நடைபாதை. டோக்கியோவுல இருக்குற 8 கிலோமீட்டர் பாதைதான் முன்மாதிரி. எட்டு கிலோமீட்டர்னா சுமார் பத்தாயிரம் ஸ்டெப்பு. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை கூட்டா நடக்குறது, அங்கயே பிரஷர், சுகர் பாக்குறதுன்னு ஏற்பாடு. நல்ல விஷயம், கிண்டல் பண்ணலை. நடக்குறதுக்குன்னு ஒரு அரசாங்கம் திட்டம் போடுறதே பெருசு.

ஆனா இந்தப் பத்தாயிரம் ஒரு டாக்டர் சொன்ன கணக்கு இல்லை தெரியுமா? 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச சூட்டுல, 1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனி ஸ்டெப் எண்ணுற கருவி வித்துச்சு. அதோட பேரு 'மான்போ-கெய்'. அர்த்தம், பத்தாயிரம் அடி அளவுமானி. விளம்பரப் பேரு உலகத்துக்கே விதியாயிடுச்சு.

2019-ல ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயும் அவர் குழுவும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அமெரிக்காவுல 16,741 பெண்கள், சராசரி வயசு 72. ஒரு நாளைக்கு 2,700 ஸ்டெப்பு நடந்தவங்களோட ஒப்பிட்டா, 4,400 நடந்தவங்ககிட்ட இறப்பு விகிதம் 41 சதவீதம் கம்மியா இருந்துச்சு. 7,500-க்கு மேல போனப்போ கூடுதல் பலன் தெரியலை. உடம்பு நல்லா இருக்கறவங்கதான் அதிகம் நடப்பாங்கங்கிற கோணமும் இதுல உண்டு, அதனால நடையாலதான் பிழைச்சாங்கன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனாலும் எழுபது வயசுக்காரங்களுக்கு எட்டு கிலோமீட்டர் இலக்கு தேவையே இல்லைங்கிறது தெளிவு. வீட்டுக்குள்ள நடக்குறதையும் சேத்து மூணு, மூணரை கிலோமீட்டரே பெரிய விஷயம்.

அப்போ மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டரைவிட, தெருவுக்கு ஒரு 400 மீட்டர் வயசானவங்களுக்கு அதிகம் உதவும்ங்கிறது என் கட்சி. ஆயா பஸ் ஏறி வாக்கிங் போக மாட்டாங்க!

உலக சுகாதார நிறுவனம் 2007-ல முதியோருக்கு உகந்த நகரங்கள் பத்தி ஒரு கையேடு போட்டுச்சு. டெல்லி, உதய்பூர் உட்பட 33 நகரங்கள்ல வயசானவங்ககிட்டயே கேட்டு எழுதினது. அவங்க கேட்டது என்ன தெரியுமா? உக்கார இடம், வழுக்காத தரை, பக்கத்துல கழிப்பறை, பயமில்லாம ரோட்டைத் தாண்ட வழி. அதுல பாதியை எங்க ஆயா ஒத்தை வரியில சொல்லிட்டாங்க.

ரோடு தாண்டுறதுக்கும் ஒரு கணக்கு. சிக்னல் நேரம் வைக்கும்போது ஒருத்தர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்னு பல நாட்டுல எடுத்துக்கறாங்க. 2012-ல வந்த ஒரு இங்கிலாந்து ஆய்வுல, 65 தாண்டுன ஆண்கள்ல 76 சதவீதமும் பெண்கள்ல 85 சதவீதமும் அந்த வேகத்துக்கும் கம்மியாத்தான் நடந்தாங்க. பெண்களோட சராசரி 0.8 மீட்டர். 14 மீட்டர் அகல ரோடுன்னு வெச்சுக்கோங்க. கணக்குப்படி 12 நொடியில தாண்டணும். பாட்டிக்கு 17 நொடிக்கு மேல ஆகும். மீதி அஞ்சாறு நொடி அவங்க லாரிக்கு முன்னாடி நிக்கிறாங்க. சிக்னலே இல்லாத ரோட்டுல சாமிதான் சிக்னல்.

எங்க வேலையில 'எட்ஜ் கேஸ்'னு சொல்லுவோம். எப்பவாவது வர்ற விதிவிலக்கு. நூத்துக்குப் பதினெட்டு பேரை எட்ஜ் கேஸ்னு எந்த டெஸ்டரும் ஒத்துக்க மாட்டாங்க!

மெரினாவுல ஒரு மரப்பாதை

நல்ல சேதியும் ஒண்ணு. மெரினாவுல கடற்கரைச் சாலையோட நடைபாதையை கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல போட்டார். நூத்தி முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு, 2022 நவம்பர் 27-ம் தேதி மணல் மேல 263 மீட்டர் நீளத்துக்கு, 3 மீட்டர் அகலத்துக்கு ஒரு மரப்பாதை திறந்தாங்க. மாற்றுத்திறனாளிகள் பல வருஷம் கேட்டுக் கேட்டுக் கிடைச்சது. யானைப் பாதை கதைதான் இங்கயும். மணல்ல கால் புதைய முடியாத எத்தனையோ தாத்தா பாட்டிங்களும் அதுல போய் அலைகிட்ட நின்னாங்க.

ரெண்டு வாரம்கூட ஆகலை. டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் கரையைக் கடந்தப்போ பாதையோட முனை சிதைஞ்சு போச்சு. அப்புறம் சரி பண்ணித் திரும்பத் திறந்தாங்க. சரி பண்ணினாங்க பாத்தீங்களா, அதுதான் முக்கியம். தண்ணீர்ப் பந்தல்ல தண்ணி ஊத்துறவருக்கு நிலம் எழுதி வெச்சதை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன்ல? அதே சங்கதி. பாதை போடுறது ஒரு நாள் வேலை, பாத்துக்கறது தினம் வேலை. நம்ம ஊர்ல பேவர் பிளாக் பதிச்சு போட்டோ எடுத்த பாதை எத்தனை, மூணாம் வருஷம் சிலாப் உடைஞ்சு கால் மாட்டுற பாதை எத்தனைன்னு நீங்களே எண்ணிக்கோங்க.

எங்க ஊருக்கு என்ன வேணும்?

இந்திய சாலை காங்கிரஸோட விதிமுறைப்படி நடைபாதைக்கு 1.8 மீட்டராவது தடையில்லாத அகலம் வேணும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதாவது அரை அடி. இது புத்தகத்துலயே இருக்கு, புதுசா யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

மீதி என் ஆசைப் பட்டியல். ஏரிக்கரை மாதிரி வண்டி அதிகம் வராத ஒரு 400 மீட்டர். ரெண்டு பக்கமும் ஏறுற இடத்துல படி இல்லாம சரிவு. எட்டு மணி வெயிலுக்குத் தாங்குற மாதிரி வேம்பும் புங்கனும். பூட்டு போடாத ஒரு கழிப்பறை. அம்பது மீட்டருக்கு ஒரு இருக்கை. ஒவ்வொரு இருக்கையிலயும் அதியமான் பெருவழி மாதிரி குழி வெட்டி விடலாம். மூணு குழி இருந்தா மூணாவது இருக்கை, இன்னும் எத்தனை பாக்கின்னு கண்ணாடி போடாமலே தெரியும்.

இருக்கைக்குப் பணம் எங்கன்னு கேக்காதீங்க. கிரானைட்டுக்குப் பேர் போன மாவட்டம் நம்மளுது. குவாரிப் பக்கம் உடைஞ்ச கல்லு மலை மாதிரி கிடக்கு. ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு கல்லைக் குறுக்கப் போட்டா சுமைதாங்கி. அதையே ரெண்டரை அடி இறக்கிப் போட்டா பெஞ்சு. ஊன்றி எந்திரிக்க ஓரத்துல இன்னொரு கல்லு. அவ்ளோதான் டெக்னாலஜி. அந்தக் காலத்துல செத்துப்போன பொண்ணு நினைவா கல்லு நட்டாங்கன்னு சொன்னேன். இப்பவும் அப்பா அம்மா நினைவு நாளுக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறோம், ஒரே வாரத்துல கிழிஞ்சு தொங்குது. அந்தக் காசுல ஒரு கல்லு பெஞ்சு போட்டு பேரை வெட்டினா, நூறு வருஷம் நாலு பேரு அவங்க மடியில உக்காந்த மாதிரி இருக்கும்.

பதிவு அனுமார் வால் மாதிரி நீண்டுடுச்சு, மன்னிச்சுக்கோங்க. உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். உங்க வீட்டுலேருந்து பக்கத்துக் கோயிலுக்கோ, கடைக்கோ, பார்க்குக்கோ நடந்து போங்க. வழியில எழுபது வயசுக்காரர் உக்காந்து எந்திரிக்கிற மாதிரி எத்தனை இடம் இருக்குன்னு எண்ணி பின்னூட்டத்துல போடுங்க. உங்க ஊர்ல சுமைதாங்கி இன்னும் நிக்குதுன்னா எந்த ரோட்டுல, எந்த ஊருக்குப் பக்கத்துலன்னும் எழுதுங்க.

டிஸ்கி: பூஜ்ஜியம்னாலும் பரவாயில்லை, பூஜ்ஜியம்னே போடுங்க. எங்க தெருவோட கணக்கும் அதேதான்.